இருதட ஊரக வீதிகளில் போக்குவரத்துத் தரத்தை அளத்தல்: ஜேர்மனிய அணுகுமுறை

முன்னுரை

ஜேர்மனியின் வீதிகள் என்றதும் பலரது நினைவில் எழுவது ஆட்டோபான் என்னும் விரைவுப் பெருவீதியே. அதன் மொத்த நீளம் ஏறத்தாழ 13,000 கி.மீ. அதற்கு அடுத்த நிலையிலுள்ள கூட்டாட்சி நெடுஞ்சாலைகளின் நீளமோ ஏறத்தாழ 38,000 கி.மீ. இவற்றின் பெரும்பகுதி திசைக்கு ஒரு தடம் மட்டுமே கொண்ட இருதட வீதிகளாகும். ஆண்டுதோறும் வீதி விபத்துகளில் இறப்போருள் பாதிக்கு மேற்பட்டோர், ஊர்களுக்கு வெளியேயுள்ள, ஆட்டோபான் அல்லாத வீதிகளிலேயே உயிரிழக்கின்றனர். எனவே இவ்வீதிகளில் போக்குவரத்து நன்றாக நடைபெறுகிறதா என்பதை எந்த அளவுகோலால் முடிவு செய்வது என்னும் வினா வெறும் கணக்கியல் வினா அன்று. எதை அளக்கிறோமோ அதற்கேற்பவே வீதி அமைகிறது.

இருதட வீதியின் தனித்தன்மை

பல தடங்கள் கொண்ட வீதியில் மெதுவாகச் செல்லும் வாகனத்தை அடுத்த தடத்திற்கு மாறிக் கடக்கலாம். இருதட வீதியில் அதற்கு எதிர்த்திசைத் தடத்தையே கடன் வாங்க வேண்டும். ஜேர்மனியில் ஊருக்கு வெளியே கார்களுக்கு மணிக்கு 100 கி.மீ. வேகம் அனுமதிக்கப்படுகிறது, 7.5 தொன்னுக்கு மேற்பட்ட பாரவூர்திகளுக்கு 60 கி.மீ. மட்டுமே. இவ்வேறுபாட்டினால் ஒரு பாரவூர்தியின் பின்னே கார்கள் தொடராகச் சேர்கின்றன. முன்னே வீதி வெறிச்சோடிக் கிடப்பினும் பின்னால் வருவோர் வேகம் பெற இயலாது. முந்த விரும்புவோர் தொகை கூடும். எதிரே வாகனங்கள் பெருகப் பெருக முந்தும் வாய்ப்போ குறையும். இவ்வகை வீதியின் இடர் இங்கேதான் பிறக்கிறது.

இரு அளவு மரபுகள்

வீதியின் சேவையை ஏ முதல் எஃப் வரை ஆறு நிலைகளாகப் பகுக்கும் முறையை 1965ஆம் ஆண்டின் அமெரிக்க நெடுஞ்சாலைக் கொள்ளளவுக் கையேடு அறிமுகப்படுத்தியது. இருதட வீதிகளுக்கு, பயண நேரத்தில் எத்தனை விழுக்காடு பிறர் பின்னே செல்வதில் கழிகிறது என்பதைப் பின்னைய பதிப்புகள் முதன்மைப்படுத்தின. இதனை நேரடியாக அளப்பது அரிது. ஆகவே 2000ஆம் ஆண்டுப் பதிப்பு, முன் வாகனத்திலிருந்து 3 வினாடிக்குக் குறைந்த இடைவெளியில் வருவதைப் பின்தொடர்தலாகக் கொண்டது.

கொலோன் நகரிலுள்ள வீதி, போக்குவரத்து ஆய்வுச் சங்கம் 2001இல் வெளியிட்ட ஜேர்மனியக் கையேடு வேறு வழியைத் தேர்ந்தது. அதன் அளவுகோல் அடர்த்தி. அதாவது ஒரு மணி நேரத்தில் செல்லும் வாகனங்களின் எண்ணிக்கையைக் கார்களின் சராசரிப் பயண வேகத்தால் வகுத்துப் பெறும் ஈவு. வேகத்தை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் வளைவுகள் நிறைந்த வீதி, வாகனமே இல்லாத வேளையிலும் தரம் குறைந்ததாகத் தோன்றும். அடர்த்தியோ வேகத்தையும் வாகனத் தொகையையும் ஒருங்கே கணக்கில் கொள்கிறது. வெவ்வேறு வகை வீதிகளை ஒரே வலையமைப்பின் உறுப்புகளாக நோக்கவும் அது உதவுகிறது.

வேகத்தை அளப்பதில் ஒரு நுட்பம்

10 கி.மீ. நீளமுள்ள வீதியில் ஒரு கார் 100 கி.மீ. வேகத்திலும், பாரவூர்தியின் பின் அகப்பட்ட மற்றொரு கார் 60 கி.மீ. வேகத்திலும் செல்வதாகக் கொள்வோம். வீதியில் பதித்த உணர்கருவி இவற்றின் சராசரியை 80 எனக் காட்டும். ஆனால் முதலாவது 6 நிமிடமும் இரண்டாவது 10 நிமிடமும் எடுக்கின்றன. சராசரி நேரம் 8 நிமிடம். அதற்குரிய வேகம் 75 மட்டுமே. ஒரு திசையில் மணிக்கு 900 வாகனங்கள் செல்லுமாயின், சரியான அடர்த்தி கிலோமீற்றருக்கு 12. தவறான சராசரியால் கிடைப்பது 11.25. தரநிலையின் எல்லையில் இருக்கும் வீதியொன்று இச்சிறு பிழையால் ஒரு நிலை உயர்ந்துவிடக்கூடும். ஆதலால் ஓரிடத்து வேகத்தை அன்றி, முழுத் தூரத்துக்கான பயண நேரத்தையே அடிப்படையாகக் கொள்ள வேண்டும்.

அடர்த்தி காட்டாதது

கிலோமீற்றருக்கு 12 வாகனங்கள் என்பது, சராசரியாக 83 மீற்றருக்கு ஒன்று என்பதாகும். அவை சீராகப் பரந்தும் செல்லலாம். ஒரே தொடராக நெருங்கியும் செல்லலாம். எண் மாறாது, ஓட்டுநரின் நிலை முற்றிலும் மாறும். 2022இல் வெளிவந்த அமெரிக்கக் கையேட்டின் ஏழாம் பதிப்பு, பின்தொடர்வோரின் அடர்த்தியை அளவுகோலாக்கியது. மேற்கண்ட 12 வாகனங்களுள் 60 விழுக்காடு பின்தொடர்பவையாயின் அவ்வளவு 7.2 ஆகும். இவ்வாறு இரு மரபுகளும் ஒன்றையொன்று நெருங்கியுள்ளன.

ஜேர்மனியில் இக்குறையை வடிவமைப்பும் ஈடுசெய்கிறது. 2012ஆம் ஆண்டின் ஊரக வீதி அமைப்பு நெறிகள் இவ்வீதிகளை நான்கு வகுப்புகளாகப் பிரித்தன. முதல் வகுப்பு வீதி மூன்று தடங்கள் உடையது. நடுத்தடம் இரு திசைகளுக்கும் மாறி மாறி முந்துதடமாக வழங்கப்படும். திசைகளைப் பிரிக்கும் இரட்டைக் கோட்டின் இடைவெளி பச்சை நிறம் பூசப்பட்டிருக்கும். முந்துவதற்கு எதிர்த்திசையை நாட வேண்டிய தேவையே அங்கு இல்லை.

தமிழில் சொல்லாக்கமும் முடிவும்

இவ்வளவுகோல்களைத் தமிழில் கையாளும்போது அனைத்தையும் ‘நெரிசல்’ என்னும் ஒரே சொல்லில் அடக்கிவிடும் போக்கு உண்டு. அது பொருந்தாது. முன்னே வெற்றுவீதி இருக்க, ஒரு பாரவூர்தியின் பின்னே பத்துக் கார்கள் செல்வது நெரிசல் அன்று, அது ‘பின்தொடர்தல்’. வாகனங்கள் வீதியை நிறைப்பது ‘அடர்த்தி’. முன்னதற்குத் தீர்வு முந்துதடம். பின்னதற்குத் தீர்வு கொள்ளளவைப் பெருக்குதல். உழவு இயந்திரமும் முச்சக்கர வண்டியும் பேருந்தும் ஒரே தடத்தைப் பகிரும் தமிழர் நிலப்பகுதிகளில் பின்தொடர்தலின் கூறு இன்னும் சிக்கலானது. ஆகவே ஜேர்மனிய எல்லை எண்களை அங்கு அப்படியே பெயர்த்து வைத்தல் தகாது. பெற்றுக்கொள்ளத் தக்கது அதன் முறையே: எதனை அளக்கிறோம் என்பதை முதலில் தெளிவாகப் பெயரிட்டு, அதன் பின்னரே எண்ணத் தொடங்குதல்.