மாமாவின் துப்பாக்கியும் அரை கிலோ கணக்கும்

பேராவில் எங்கள் மாமாவுக்கு நான்கு ஏக்கர் செம்பனை இருக்கிறது. கிழட்டு மரங்களைச் சாய்த்துவிட்டு மறுநடவு செய்து இரண்டு ஆண்டுகள்தான் ஆகின்றன. இளங்கன்று என்றால் காட்டுப்பன்றிக்குக் கரும்பு மாதிரி. இரவில் வந்து அடியோடு பிடுங்கிப் போட்டு, உள்ளே இருக்கும் வெள்ளைக் குருத்தைத் தின்றுவிட்டுப் போய்விடும். சென்ற மாதம் ஒரே இரவில் பதினோரு கன்றுகள் போயின. மாமா அன்று காலைப் பசியாறவே இல்லை என்று அத்தை சொன்னார்.

மாமாவிடம் உரிமம் பெற்ற 12 போர் இரட்டைக்குழல் துப்பாக்கி இருக்கிறது. எடை 3.2 கிலோ. நான் சின்ன வயதிலிருந்து அதைப் பார்த்து வருகிறேன், ஒருமுறைகூடத் தொட்டதில்லை. உரிமம் அவர் பெயரில் இருக்கும்போது அடுத்தவர் கையில் எடுத்தால் சட்டச் சிக்கல் வரும். நம் நாட்டின் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் விளையாட்டுக் காரியமில்லை. மாமாவும் அதில் கறார். அவர் துப்பாக்கியைத் துடைக்கும்போது பிள்ளைகள் யாரும் பக்கத்தில் வரக்கூடாது.

சிக்கல் மாமாவின் வலது தோளில் தொடங்கியது. போன ஆண்டு தசைநார் கிழிந்து அறுவை சிகிச்சை. கனமான பொருளைத் தூக்காதீர்கள் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அத்தைக்கு உரிமத்தையே ஒப்படைத்துவிட வேண்டும் என்று ஆசை. மாமாவின் மகன் வேறு வழி சொன்னான்: “அப்பா, இப்போ 2.7 கிலோவிலேயே துப்பாக்கி வருது. போலீஸ்ல அனுமதி வாங்கி மாத்திக்கலாம்.” மாமா என்னைக் கூப்பிட்டார். “ஏம்மா, நீதான் லண்டன் பக்கம் போய்ச் சுட்டுட்டு வந்தியே. அரை கிலோ குறைஞ்சா தோளுக்கு நல்லதுதானே?”

நான் வானொலி அறிவிப்பாளர். தூக்கும் கனம் என்றால் ஹெட்ஃபோன்தான். ஆனாலும் மாமா சொன்னது உண்மை. இங்கிலாந்தில் தோழி வீட்டுக்குப் போயிருந்தபோது, களிமண் தட்டுகளை வானில் வீசிச் சுடும் மைதானம் ஒன்றில் அரை நாள் கழித்தேன். அங்கே பயிற்சியாளரின் மேற்பார்வையில் உரிமம் இல்லாதவரும் சுடலாம். பயிற்சியாளர் அறுபதைக் கடந்த பெண்மணி. முதலில் சுடவே விடவில்லை. மேசையில் மூன்று துப்பாக்கிகளைத் திறந்த நிலையில், தோட்டா இல்லாமல் வைத்தார். ஒவ்வொன்றையும் ஒற்றை விரலில் கிடத்தி, எந்த இடத்தில் தராசு போல் நிற்கிறது என்று காட்டினார்.

மூன்றும் எடை குறைந்தவை. 2.7 கிலோவுக்கும் 3 கிலோவுக்கும் இடையில். ஆனால் எடையை எங்கிருந்து குறைத்தார்கள் என்பதில்தான் வேறுபாடு.

முதலாவது, பழைய ஆங்கிலப் பாணியில் இரண்டு குழலும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பது. இதில் எல்லா இடத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகச் செதுக்கியிருக்கிறார்கள். குழல் முனைக்குப் போகப் போக மெலிகிறது; மரக்கட்டையும் ஒல்லி. மடக்கித் திறக்கும் கீல் இருக்கிறதே, சரியாக அங்கே விரலில் நின்றது. கனம் முழுக்க இரண்டு கைகளுக்கு நடுவில் இருப்பது போல் தோன்றும்.

இரண்டாவது, குழல்கள் மேலும் கீழுமாக இருக்கும் நவீன வகை. நடுவில் இருக்கும் உலோகப் பகுதியை எஃகுக்குப் பதிலாக அலுமினியக் கலவையில் செய்கிறார்கள். பெரெட்டா நிறுவனத்தின் ‘அல்ட்ராலைட்’ இந்த வகைதான். தோட்டாவின் அடிப்பக்கம் முட்டும் இடத்தில் மட்டும் டைட்டேனியத் தகடு பதித்திருப்பார்கள். நடுப்பகுதி இலேசாகிவிட்டது. குழல்கள் மட்டும் முழு எஃகு. அதனால் விரலில் நிற்கும் புள்ளி கீலைத் தாண்டி முன்னால் போய்விட்டது. கையில் எடுத்தால் இலேசு. உயர்த்திக் குறி பார்த்தால் மூக்கு கீழே இழுக்கிறது.

மூன்றாவது 20 போர். போர் என்றால் என்ன? குழலின் உள்விட்டத்துக்குப் பொருந்தும் ஈயக் குண்டுகள் எத்தனை சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை வரும் என்ற பழைய கணக்கு. 12 குண்டு என்றால் 12 போர், உள்விட்டம் சுமார் 18.5 மில்லிமீட்டர். 20 குண்டு என்றால் குண்டு சிறியது, குழலும் ஒடுக்கம், 15.6 மில்லிமீட்டர். ஆகவே 20 போரில் குழல், நடுப்பகுதி எல்லாமே சிறிய உருவம். கையில் துள்ளுகிறது. (20 போர் தோட்டா பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில் வருவதற்குக் காரணம் உண்டு. தவறி 12 போரில் போட்டால் வழுக்கிக்கொண்டு உள்ளே போய் அடைத்துக்கொள்ளும். தெரியாமல் பின்னால் 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழலே வெடிக்கும். இரண்டு வகைத் தோட்டாவையும் ஒரே சட்டைப்பையில் வைக்கவே கூடாது என்று அந்தப் பெண்மணி இரண்டு முறை சொன்னார்.)

பூப்பந்து ஆடுகிறவர்களுக்கு இதெல்லாம் புதிதில்லை. 4யு மட்டை என்றால் 80 முதல் 84 கிராம் வரை. ஆனால் ஒரே 84 கிராமில் தலை கனத்த மட்டையும் உண்டு, பிடி கனத்த மட்டையும் உண்டு. இரண்டும் கையில் வேறு வேறு ஆள். இன்னும் ஒரு படி மேலே போகலாம். ஒரு துடைப்பக் கழியும் இரண்டு அரை லிட்டர் தண்ணீர்ப் போத்தலும் எடுத்துக்கொள்ளுங்கள். போத்தல்களைக் கழியின் நடுவில் கட்டி வலம் இடமாகத் திருப்பிப் பாருங்கள். பிறகு இரண்டு முனையிலும் கட்டித் திருப்புங்கள். எடை அதேதான், சமநிலைப் புள்ளியும் அதே நடுதான். ஆனால் இரண்டாவது கழி கிளம்பவும் அடம்பிடிக்கும், நிற்கவும் அடம்பிடிக்கும்.

நான் சுட்டபோது இதுதான் நடந்தது. 20 போர் சட்டென்று தட்டை நோக்கிப் போனது. அதே வேகத்தில் என் கை நின்றும்விட்டது. ஓடுகிற தட்டின் பின்னாலேயே சுட்டேன், எட்டில் ஆறு தவறியது. மூக்கு கனத்த இரண்டாவது துப்பாக்கி மெதுவாகத்தான் கிளம்பியது, ஆனால் கிளம்பிய பின் நான் நிறுத்த நினைத்தாலும் தன் போக்கில் போனது. அதில் ஐந்து விழுந்தன. குழல் நீளத்தை 25 அங்குலமாகக் குறைத்து விற்ற லண்டன் தயாரிப்பாளர் ராபர்ட் சர்ச்சிலைப் பற்றி வேட்டைக்காரர்கள் இன்னும் இரண்டு கட்சியாக வாதாடுவதற்கும் இந்தத் துள்ளல்தான் காரணமாம்.

மறுநாள் காலை என் தோள் நீலம் பாய்ந்திருந்தது. எந்தத் துப்பாக்கி அதைச் செய்தது என்று எனக்குத் தெரியும். அலுமினிய உடம்புக்காரன்தான்.

மாமாவிடம் இந்த இடத்தைத்தான் அழுத்திச் சொல்ல வேண்டியிருந்தது. தோட்டா முன்னால் தள்ளுகிற அதே அளவுக்குத் துப்பாக்கி பின்னால் உதைக்கும். துப்பாக்கி இலேசானால் பின்னால் வரும் வேகம் கூடும். அதே தோட்டாவுக்கு 3.2 கிலோவிலிருந்து 2.7 கிலோவுக்கு இறங்கினால், தோளில் வந்து மோதும் ஆற்றல் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அதிகம். பர்மிங்காம் துப்பாக்கித் தயாரிப்பாளர் டபிள்யூ. டபிள்யூ. கிரீனர் பெயரால் ஒரு பழைய விதி சொல்வார்கள்: உள்ளே இருக்கும் குண்டுகளின் எடையைப் போல் 96 மடங்காவது துப்பாக்கி இருக்க வேண்டும். மாமா போடுவது 32 கிராம். 96ஆல் பெருக்கினால் 3.07 கிலோ. அவருடைய பழைய துப்பாக்கி தேறிவிடுகிறது. 2.7 கிலோ துப்பாக்கிக்கு 28 கிராம் தோட்டாதான் பொருத்தம்.

“அப்போ 28 கிராம் போட்டுக்கலாமே,” என்றான் மாமா மகன்.

மாமா முகம் மாறியது. “பன்னிக்குப் பெரிய குண்டு. கிராம் குறைஞ்சா எண்ணிக்கை குறையும். அடிபட்டு ஓடிப்போச்சுன்னா? அது புதருக்குள்ள கெடந்து சாவும், இல்லாட்டி விடிஞ்சு வேலைக்கு வர்றவன் மேல பாயும்.” அதற்குமேல் அந்தப் பேச்சை அவர் வளர்க்கவில்லை.

சுட்டபின் தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் வகை உதையைக் கொஞ்சம் உறிஞ்சும் என்பதையும் சொன்னேன். அதிலும் ஒரு விசித்திரம் உண்டு. தோட்டாக்கள் குழலுக்குக் கீழே முன்பக்கக் குழாயில் நிற்கும். ஒவ்வொன்றும் 40 கிராமுக்கு மேல். சுடச் சுட முன்பக்கக் கனம் குறைந்து சமநிலை நகரும். மாமாவுக்கு அது பிடிக்கவில்லை. உள்ளே தோட்டா இல்லை என்பதைத் திறந்து கண்ணால் பார்க்க முடிகிற இரட்டைக்குழல்தான் அவருக்கு நிம்மதி.

எனக்கு அப்போதுதான் ஒரு கேள்வி தோன்றியது. முதலிலேயே கேட்டிருக்க வேண்டியது. “மாமா, நீங்க எவ்ளோ தூரம் தூக்கிட்டு நடப்பீங்க? எத்தனை நேரம் கையில பிடிச்சிருப்பீங்க?” இலேசான வேட்டைத் துப்பாக்கிகள் நடக்கிறவர்களுக்காகப் பிறந்தவை. ஸ்காட்லாந்து மேட்டு நிலங்களில் நாள் முழுக்க நடந்து, நான்கைந்து முறை மட்டும் சுடுகிறவருக்கு அரை கிலோ பெரிய வரம். மாமாவோ தோட்டத்தின் மூலையில் பரண் கட்டி உட்காருகிறவர். துப்பாக்கி பரணின் குறுக்குக் கட்டையில் சாய்ந்திருக்கும். தோளுக்கு ஏற்றுவது பன்றி வந்த பிறகு, சில நொடிகள்.

“வீட்டிலேர்ந்து பரணுக்குத்தான் ஒரு கிலோமீட்டர். அதுதான் வலிக்குது,” என்றார்.

அடுத்த வாரம் மாமா துப்பாக்கியை உரிமம் பெற்ற கடைக்குக் கொண்டுபோனார். மரக்கட்டையின் பின்முனையில் தடித்த ரப்பர் மெத்தை வைத்தார்கள். முன்னும் பின்னும் வார் மாட்ட இரண்டு வளையங்கள் பொருத்தினார்கள். மெத்தை, வளையம் எல்லாம் சேர்ந்து துப்பாக்கி இப்போது முன்பைவிடக் கூடுதல் எடை. உறைக்குள் போட்டு, அகலமான வாரில் இடது தோளில் தொங்கவிட்டுக்கொண்டு நடக்கிறார். மகன் நான்கு நாள் பேசவில்லை. அத்தை இன்னும் உரிமத்தை ஒப்படைக்கச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்.

போன சனிக்கிழமை காலை நிகழ்ச்சி முடிந்து கைப்பேசியைப் பார்த்தேன். மாமாவிடமிருந்து படம். பன்றியும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. பிடுங்கப்பட்ட இடங்களில் பதினோரு புதுக் கன்றுகள், சுற்றிலும் கம்பி வலை.