அச்சையும் கேட்டு வாங்குங்கள்

டீ சொல்லியாச்சு, உட்காருங்கண்ணே. பொம்மைப் பெட்டியில் ஒட்டும் லேபிளுக்கு ஒரு தமிழ் எழுத்துரு இலவசமாகக் கிடைக்கிறது, போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டீர்கள். காசு இல்லை என்பது இருக்கட்டும், என்ன உரிமத்தோடு வந்திருக்கிறது என்று பாருங்கள்.

நம் விருத்தாசலம் செராமிக் பட்டறையில் நடப்பதுதான் இதுவும். பாரிஸ் சாந்து அச்சில் களிமண் கரைசலை ஊற்றுகிறீர்கள். அச்சு தண்ணீரை உறிஞ்ச, உள்சுவரில் மண் தோலாகப் படிகிறது. மிச்சத்தைக் கவிழ்த்து, காய்ந்ததும் அச்சைப் பிரித்தால் பிள்ளையார். அந்தப் பிள்ளையாரை நான் சும்மாவே கொடுத்தாலும், வலம்புரியாக மாற்ற உங்களுக்கு அச்சு வேண்டும். மென்பொருளுக்கு அந்த அச்சுதான் மூலநிரல். அதையும் கொடுத்து, மாற்றலாம், பகிரலாம், விற்கலாம் என்று எழுதியும் கொடுத்தால் அது கட்டற்ற மென்பொருள்.

எழுதிக் கொடுப்பதிலும் வகை உண்டு. எம்ஐடி உரிமம், ‘என் பெயரையும் இந்த உரிமத்தையும் நீக்காதே, மற்றது உன் விருப்பம்’ என்கிறது. தமிழ் உரையைக் கையாளும் ‘ஓப்பன் தமிழ்’ நிரல்தொகுப்பு அப்படிப்பட்டது. ஜிபிஎல் கண்டிப்பானது. மாற்றியதை வெளியே கொடுத்தால், மாற்றிய அச்சையும் அதே நிபந்தனையில் கொடுத்தாக வேண்டும். ‘எழில்’ நிரல்மொழி இந்த வகை. இரண்டையும் தொடங்கியவர் முத்து அண்ணாமலைதான். எனக்கு ஜிபிஎல்லின் கண்டிப்பே பிடிக்கும். சம்பளம் வாங்காமல் தமிழுக்காக ராத்திரியில் உட்கார்ந்து எழுதியதை ஒருவர் எடுத்துப் பூட்டிவைத்துக்கொள்ள அது விடாது.

ஆனால் எழுத்துருவில் அதுவே சிக்கலானது. பிடிஎஃப் கோப்புக்குள் எழுத்துருவும் சேர்ந்தே பதிகிறதே, அப்போது அந்தக் கோப்பும் ஜிபிஎல்லுக்குக் கட்டுப்படுமா? இதற்கென்றே தனி விதிவிலக்கு எழுத வேண்டியிருந்தது. ரெட் ஹாட் நிறுவனம் ஜிபிஎல்லில் வெளியிட்ட லோஹித் தமிழ் எழுத்துரு, எழுத்துருக்களுக்கென்றே உருவான ஓஎஃப்எல் உரிமத்துக்கு 2011இல் மாறியது. அதன்படி லேபிளோ புத்தகமோ, அடித்து விற்கலாம். எழுத்துருவை மட்டும் தனியாக விற்கக் கூடாது. திருத்தி வெளியிட்டால் அதுவும் ஓஎஃப்எல்லில்தான் இருக்க வேண்டும்.

உரிமத்தை இறுக்குகிறவர்களும் உண்டு. ரெடிஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் நிறுவனம் 2024 மார்ச்சில் அப்படிச் செய்தது. பங்களித்து வந்தவர்களுக்குக் கோபம். ஒருமுறை கொடுத்த உரிமத்தைத் திரும்பப் பிடுங்க முடியாது என்பதால், பழைய பதிப்பை எடுத்துச் சில நாட்களிலேயே ‘வால்கி’ என்று தனியாகத் தொடங்கிவிட்டார்கள். மறுவருடம் ரெடிஸும் ஜிபிஎல் வகையைச் சேர்ந்த ஏஜிபிஎல் உரிமத்தைச் சேர்த்துக்கொண்டது.

இனி உங்கள் லேபிள். இறக்கிய கோப்புறையில் ஓஎஃப்எல் உரிமக் கோப்பு இருந்தால் தாராளமாகப் போடுங்கள். ‘சொந்த உபயோகத்துக்கு மட்டும்’ என்றிருந்தால் வேண்டாம், நீங்கள் விற்பது சரக்கு. ஒன்றுமே எழுதவில்லையென்றால் 1957ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமை ஆக்கியவருடையது. அவருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு, சம்மதத்தை எழுத்தில் வாங்கிக்கொண்டு அச்சுக்குக் கொடுங்கள்.