நெகிழும் பொருள்: பாலித்தீன்

‘நெகிழ்’ என்னும் வினையடியாகப் பிறந்ததே ‘நெகிழி’ என்னும் சொல். பிளாஸ்டிக் வகை அனைத்திற்கும் இப்பெயர் வழங்கினும், சூடேற்றுந்தோறும் இளகி, ஆறுந்தோறும் இறுகும் வகைக்கே இது முற்றும் பொருந்தும். ஒருமுறை இறுகிய பேக்கலைட் மீண்டும் இளகாது, பாலித்தீன் இளகும்.

1933இல் இங்கிலாந்தின் வின்னிங்டன் ஆய்வகத்தில் எரிக் ஃபாசெட், ரெஜினால்டு கிப்சன் ஆகிய இருவரும் எத்திலீன் வாயுவையும் பென்சால்டிஹைடையும் மிகுந்த அழுத்தத்தில் சூடேற்றினர். எதிர்பாராவண்ணம் மெழுகு போன்ற வெண்பொருள் கலத்தில் படிந்திருந்தது. எத்திலீன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்து நீண்ட சங்கிலியானதே அது. இரண்டாம் உலகப் போரில் ரேடார் கம்பிகளுக்கு அது மின்காப்பு உறையாயிற்று. 1953இல் ஜெர்மானியரான கார்ல் சீக்லர், வினையூக்கியின் துணைகொண்டு குறைந்த அழுத்தத்திலேயே அதனை ஆக்கிக் காட்டினார்.

சங்கிலியில் கிளைகள் மிகுந்தால் அடர்த்தி குறைந்து பொருள் மென்மையாகும்; பைகளும் மெல்லிய உறைகளும் இதனால் ஆவன. கிளைகள் குறைந்தால் சங்கிலிகள் நெருங்கி அமையும். குடம், பீப்பாய், குடிநீர்க் குழாய் ஆகியவற்றுக்கு ஏற்ற உறுதி பிறக்கும். இருவகையும் நீரில் மிதக்கும், மின்சாரத்தைக் கடத்தா, அமிலங்கள் பலவற்றால் அரிக்கப்படா, மண்ணில் எளிதில் மட்கா.

இவ்வியல்பே மண்ணுக்கடியில் பதித்த குழாயில் நன்மை. தெருவில் எறிந்த பையில் தீமை. ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்கள் சிலவற்றைத் தமிழக அரசு 2019 சனவரி 1 முதல் தடைசெய்தமை இதுபற்றியே.

உடைந்த குடத்தை உருக்கிக் குப்பைக்கூடையாக வார்க்கலாம். ஆனால் மண்ணும் பிறவகை நெகிழியும் கலந்துவிடின் தரம் குன்றும். ஆதலின் வகைபிரித்துச் சேர்த்தல் நம் ஒவ்வொருவர் இல்லத்திலும் தொடங்க வேண்டும். மீண்டும் நெகிழ வல்லதை ஒருமுறையே பயன்படுத்தி எறிதல், அதன் பெயரையே மறப்பதாகும்.