புத்தகத்தை மூடிவிட்டுப் படியுங்கள்

காட்டுப்பாக்கம், ஐயப்பன்தாங்கல் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருக்கும் கல்லூரிப் பிள்ளைகளிடம் தேர்வுக்கு முந்தின நாள் கேட்டுப் பாருங்கள். "அஞ்சு யூனிட்டும் ரெண்டு வாட்டி பாத்துட்டேன்" என்பார்கள். பார்த்தது உண்மைதான். மறுநாள் கேள்வித்தாளைக் கையில் வாங்கியதும் அந்தப் பக்கமும், மஞ்சள் மார்க்கர் போட்ட வரியும், ஓரத்திலிருந்த படமும் கண்முன் வந்து நிற்கும். அந்த வரி என்ன சொன்னது என்பது மட்டும் வராது.

உடனே பழி ஞாபகசக்தி மேல் விழும். வல்லாரைக் கீரை சமைத்துப் போடும் வீடுகளும் உண்டு. கீரை நல்லதுதான், கோளாறு இருப்பது படிக்கும் முறையில். பார்த்ததும் அடையாளம் தெரிவது ஒரு வேலை, பார்க்காமல் எடுத்துச் சொல்வது வேறொரு வேலை. திரும்பத் திரும்ப வாசிக்கும்போது முதல் வேலைக்குத்தான் பயிற்சி நடக்கிறது. பாடம் பழகிப் போவதால் தெரிந்துவிட்டதாக ஒரு நினைப்பு வந்துவிடுகிறது. தேர்வில் கேட்பதோ இரண்டாவது வேலையை.

இந்த நினைப்பு எவ்வளவு ஏமாற்றும் என்பதை 2006இல் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் அளந்து காட்டினார்கள். கல்லூரி மாணவர்களுக்குச் சிறு கட்டுரைகளை வாசிக்கக் கொடுத்தார்கள். சில கட்டுரைகளை மறுபடியும் வாசிக்கச் சொன்னார்கள். மற்றவற்றை மறுபடி காட்டாமல், நினைவில் இருப்பதை எழுதச் சொன்னார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது, மீண்டும் வாசித்தது 81 சதவீதம் நினைவில் இருந்தது. எழுதிப் பார்த்தது 75. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழ்: மீண்டும் வாசித்ததில் 42, எழுதிப் பார்த்ததில் 56. காலையில் புரட்டிவிட்டு அப்படியே ஹாலுக்குள் போகிறவருக்கு வாசிப்பு கைகொடுக்கலாம். செமஸ்டர் முழுக்கச் சுமக்க வேண்டியதற்கு அது போதாது.

ஜான் டன்லாஸ்கியும் சக ஆய்வாளர்களும் 2013இல் பத்துப் படிப்பு முறைகளை எடுத்து, அதுவரை வந்த ஆய்வுகளைக் கொண்டு எடை போட்டார்கள். அடிக்கோடு போடுவதும் திரும்ப வாசிப்பதும் கடைசி வரிசையில் நின்றன. தன்னைத்தானே சோதித்துக்கொள்வதும், இடைவெளி விட்டுப் படிப்பதும் முன்வரிசைக்கு வந்தன.

நம் ஊருக்கு இது புதிதில்லை. பவணந்தி முனிவரின் நன்னூல் எழுதப்பட்டு ஏறக்குறைய எண்ணூறு ஆண்டு ஆகிறது. பாடம் கேட்கும் முறையை அதன் பாயிரம் விரிவாகவே பேசுகிறது. கேட்டதை மனத்துக்குள் மறுபடி ஓட்டிப் பார், கேள்வி கேள், கேட்கப்பட்டதற்குப் பதில் சொல் என்கிறது. அதோடு ஒரு கணக்கும் போடுகிறது: ஆசிரியர் சொல்வதை எவ்வளவு நன்றாக வாங்கிக்கொண்டாலும் கிடைப்பது கால் பங்கு, உடன் படிப்பவரோடு பழகுவதில் இன்னொரு கால், மீதி அரைப் பங்கு, பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் வந்து சேரும். இது ஆய்வகத்தில் அளந்த எண் இல்லை. சொல்லிக்கொடுத்துப் பழகியவர்களின் அனுபவக் கணக்கு. ஆனாலும் எடுத்துச் சொல்வதற்கு அரைப் பங்கு கொடுத்தார்களே, அங்கேதான் விஷயம் இருக்கிறது.

எழும்பூரிலும் இதன் கிளை ஒன்று உண்டு. 1789இல் அங்கிருந்த ராணுவ அனாதைப் பிள்ளைகள் விடுதியின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல், நாட்டுப் பள்ளிக்கூடத்துச் சிறுவர்கள் மணலில் எழுதிப் படித்ததைப் பார்த்துத் தன் பள்ளிக்கும் கொண்டுவந்தார். பிள்ளைகளையே பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வைத்தார். 1797இல் அவர் அதைப் புத்தகமாக வெளியிட, 'மதராஸ் முறை' என்ற பெயரோடு இங்கிலாந்துப் பள்ளிகளில் அது பரவியது.

சரி, புரியாததை எப்படி எடுத்துச் சொல்வது? தமிழ் வழியில் பிளஸ் டூ முடித்துவிட்டு, பூந்தமல்லி சாலைக் கல்லூரிகளில் முதல் வருடம் ஆங்கிலப் புத்தகத்தோடு மல்லுக்கட்டும் பிள்ளைகளின் நியாயமான கேள்வி இது. பிரான்ஸ்ஃபோர்டும் ஜான்சனும் 1972இல் செய்த சோதனை இதற்கு வழிகாட்டும். துணி துவைப்பதைப் பற்றிய ஒரு பத்தியைத் தலைப்பே இல்லாமல் கொடுத்தபோது, எளிய சொற்களாக இருந்தும் யாருக்கும் தலை கால் புரியவில்லை. தலைப்பை முன்கூட்டியே தெரிந்துகொண்டவர்களுக்குப் புரிந்தது; மற்றவர்களைப் போல இரண்டு மடங்கு நினைவிலும் இருந்தது. வாசித்து முடித்த பிறகு தலைப்பைச் சொன்னதால் ஒரு பயனும் இல்லை. அதாவது, எதைப் பற்றிப் படிக்கப் போகிறோம் என்ற பிடி முதலிலேயே வேண்டும். தெர்மோடைனமிக்ஸ் பாடத்துக்குள் நுழையுமுன், பதினோராம் வகுப்பு இயற்பியலில் 'வெப்பமும் வெப்ப இயக்கவியலும்' அலகைத் தமிழிலேயே ஒருமுறை வாசித்துவிட்டு வாருங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பிறகு ஆங்கிலப் பாடத்தின் உள்தலைப்புகள், படங்கள், கடைசியிலுள்ள கேள்விகள் மீது கண்ணை ஓட்டிவிட்டு, அப்புறம் முதல் வரிக்குப் போங்கள்.

வாசிக்கும்போது ஒரு உள்தலைப்பு முடிந்ததும் புத்தகத்தை மூடி, வெள்ளைத்தாளில் நினைவிலிருந்து எழுதுங்கள். தமிழும் ஆங்கிலமும் கலந்து வந்தால் வரட்டும். கலைச்சொல்லை மட்டும் ஆங்கிலத்தில் சரியாக எழுதிவிடுங்கள். பிறகு புத்தகத்தைத் திறந்து சரிபாருங்கள். இந்தச் சரிபார்ப்பை விட்டுவிட்டால் தப்பு தப்பாகவே மனத்தில் பதியும். அண்ணா பல்கலைக்கழகத் தேர்வில் பத்து இரண்டு மார்க் கேள்வி, ஐந்து பதிமூன்று மார்க், ஒரு பதினைந்து மார்க் என்று வரும் பழைய கேள்வித்தாள்களை நம் பிள்ளைகள் 'இம்பார்ட்டன்ட்' பொறுக்கத்தான் எடுக்கிறார்கள். அதற்குப் பதில், விடையைப் பார்க்காமல் எழுதிப் பார்க்க எடுக்கலாம். முதலில் பாதிதான் வரும், எரிச்சலாகவும் இருக்கும். அந்தச் சிரமப்பட்டு யோசிக்கும் நேரத்தில்தான் பாடம் பதிகிறது.

எழுதியதை அன்றோடு விட்டுவிடவும் கூடாது. ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் அர்த்தமில்லாத அசைகளை மனப்பாடம் செய்து, தன் மறதியைத் தானே அளந்து 1885இல் வெளியிட்டார். முதல் ஒரு மணி நேரத்திலேயே பாதிக்கு மேல் போய்விட்டது. அதன்பின் மறதியின் வேகம் குறைந்தது. அவர் எடுத்தது அர்த்தமில்லாத அசை, நீங்கள் படிப்பது அர்த்தமுள்ள பாடம். அவ்வளவு மோசமாகப் போகாது. இருந்தாலும் ஒரே இரவில் நான்கு மணி நேரம் உட்காருவதைவிட, அதையே நாளுக்கு ஒரு மணி நேரமாக நான்கு நாளுக்குப் பிரிப்பது மேல். காட்டுப்பாக்கத்தில் பஸ் ஏறினால் குமணன்சாவடி நெரிசலில் நிற்கும் நேரமே நேற்றைய பாடத்தை நினைத்துப் பார்க்கப் போதும். பக்கத்தில் நண்பர் இருந்தால் அவருக்குச் சொல்லுங்கள். இல்லையென்றால் வாட்ஸ்அப்பில் இரண்டு நிமிட வாய்ஸ் நோட் அனுப்புங்கள். எங்கே தடுமாறுகிறீர்களோ அங்கேதான் உங்களுக்குப் புரியவில்லை என்று அர்த்தம்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டிருந்தால், "படிக்காம என்ன பண்ற?" என்று அதட்டாதீர்கள். முடிந்தால் பக்கத்தில் உட்கார்ந்து, "எனக்குக் கொஞ்சம் சொல்லேன்" என்று கேளுங்கள். உங்களுக்குப் புரிய வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை.