வீட்டிலேயே உயர்நிலைப் பள்ளி

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவில்லை, வீட்டிலேயே படிக்க வைக்கிறோம் என்று யாராவது சொன்னால் நம்மில் பலருக்குத் தூக்கிவாரிப் போடும். 'பீஸ் கட்ட முடியவில்லையோ?', 'பையனுக்கு உடம்புக்கு ஏதாவதோ?' என்றுதான் முதலில் கேட்கத் தோன்றும். ஆனால் தில்லி, பெங்களூர், புனே போன்ற நகரங்களில் வசதியும் படிப்பும் உள்ள குடும்பங்களே இந்த வழியைத் தேர்ந்தெடுத்திருக்கின்றன. அவற்றில் கிறிஸ்தவக் குடும்பங்களும் உண்டு. சிறு பிள்ளைக்கு எழுத்தும் எண்ணும் வீட்டில் கற்பிப்பது அப்படியொன்றும் பெரிய வித்தையல்ல; நம் பாட்டிமார் செய்ததுதான். பிள்ளைக்குப் பதினான்கு வயதாகும்போதுதான் உண்மையான சோதனை தொடங்குகிறது. பத்தாவது, பன்னிரண்டாவது சான்றிதழ் இல்லாமல் இந்த நாட்டில் அடுத்த கதவு திறப்பதில்லை.

இதில் ஒரு விந்தையும் இருக்கிறது. 1706-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்கு காலந்தொட்டு, தமிழ்நாட்டில் ஊர் ஊராகப் பள்ளிக்கூடம் கட்டியவர்கள் கிறிஸ்தவர்கள். திருநெல்வேலிச் சீமையில் கோயிலும் பள்ளியும் ஒரே கூரையின் கீழ் இருந்த கிராமங்கள் எத்தனையோ. அந்த மரபில் வந்தவர்களே இன்று பள்ளி வேண்டாம் என்பது ஏன்?

காரணங்கள் இரண்டு வகை. ஒன்று, எல்லாப் பெற்றோருக்கும் உள்ளவை: மதிப்பெண் ஓட்டம், பஸ்ஸில் கழியும் மணிக்கணக்கான நேரம், அப்பாவுக்கு மூன்று வருடத்துக்கு ஒருமுறை வரும் மாற்றல். மற்றொன்று சமயம் சார்ந்தது. வீட்டில் உட்காரும்போதும் வழியில் நடக்கும்போதும் பிள்ளைகளுக்குக் கற்பிக்கச் சொல்லும் உபாகமம் ஆறாம் அதிகாரத்தை இவர்கள் அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். பிள்ளையை வளர்க்கும் பொறுப்பு முதலில் பெற்றோருடையது, பள்ளி அதற்குத் துணையே தவிர மாற்று அல்ல என்பது இவர்கள் வாதம்.

இந்த எண்ணம் இன்றைய வடிவில் நமக்கு வந்தது அமெரிக்காவிலிருந்து. அங்கே 1970-களில் ஜான் ஹோல்ட் என்ற ஆசிரியர் பள்ளிக்கூட முறையையே கேள்வி கேட்டு எழுதினார். அவருக்குச் சமய நோக்கம் எதுவும் இல்லை. ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையைச் சேர்ந்த ரேமண்ட் மூர், டாரதி மூர் தம்பதி, சிறு வயதிலேயே பள்ளியில் தள்ளுவது கெடுதல் என்று வாதிட்டார்கள். 1980-களில் சுவிசேஷக் கிறிஸ்தவக் குடும்பங்கள் பெருந்திரளாக இதில் சேர்ந்தன. வழக்குகள் பல நடந்து, 1993 வாக்கில் ஐம்பது மாநிலங்களிலும் வீட்டுக் கல்வி சட்டப்படி செல்லுபடியானது. அங்கே பல மாநிலங்களில் அம்மாவே மதிப்பெண் பட்டியல் தயாரித்துக் கையெழுத்திட்டுக் கல்லூரிக்கு அனுப்பலாம். கல்லூரிகளும் அதை வாங்கிப் பார்க்கின்றன. அமெரிக்கப் புத்தகத்தைப் படித்துவிட்டு இங்கே இறங்குகிறவர்கள் இந்த வேறுபாட்டைத்தான் மறந்துவிடுகிறார்கள். இந்தியாவில் அம்மாவின் கையெழுத்துக்கு அந்த மதிப்பு இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 2009-இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகளைப் பற்றியது. பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதையும் சொல்லவில்லை. வீட்டுக் கல்வி என்று பெயர் சொல்லி அனுமதிக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. ஆக, சிறு வயதில் சட்டம் மங்கலாகவும் பாடம் எளிதாகவும் இருக்கிறது. பதினான்கு தாண்டியதும் சட்டத்தின் பிடி தளர்ந்து, பரீட்சையின் பிடி இறுகுகிறது.

பரீட்சைக்கு வழி? பெரிய வாரியங்கள் பொதுவாகப் பள்ளி மூலமே மாணவரை ஏற்கின்றன. வீட்டில் படிப்பவர்களுக்குக் கைகொடுப்பது தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனம். ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து 'என்.ஐ.ஓ.எஸ்.' என்பார்கள். 1979-இல் சி.பி.எஸ்.இ.யின் ஒரு திட்டமாகத் தொடங்கி, 1989-இல் தனி நிறுவனமாகி, 2002-இல் இன்றைய பெயரைப் பெற்றது. தலைமையகம் நமக்குப் பக்கத்தில் நொய்டாவில்தான் இருக்கிறது. இது மத்திய அரசின் அமைப்பு. இதன் சான்றிதழ் மற்ற வாரியச் சான்றிதழுக்குச் சமம். 'ஓபன் ஸ்கூலா? பெயில் ஆன பிள்ளைகள் எழுதுவதல்லவா?' என்று உதட்டைப் பிதுக்குகிற உறவினர்களுக்கு இதை இரண்டு முறை சொல்ல வேண்டியிருக்கும்.

பத்தாவதுக்கு இணையான செகண்டரி படிப்பில் சேரப் பதினான்கு வயது நிறைந்திருக்க வேண்டும். சான்றிதழுக்கு ஐந்து பாடங்கள் தேவை. அதில் ஒன்றாவது மொழிப் பாடமாக இருக்க வேண்டும். விரும்பினால் கூடுதலாக இரண்டு பாடம் எடுக்கலாம். ஏப்ரல்-மே மாதங்களிலும் அக்டோபர்-நவம்பர் மாதங்களிலும் ஆண்டுக்கு இருமுறை பரீட்சை உண்டு. ஒரு முறை சேர்ந்தால் ஐந்து ஆண்டுகள், ஒன்பது வாய்ப்புகள். ஐந்தையும் ஒரே மூச்சில் எழுத வேண்டும் என்பதில்லை. இந்தப் பருவம் கணக்கும் ஆங்கிலமும், அடுத்த பருவம் மற்றவை என்று பிரித்துக்கொள்ளலாம். வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு இதைவிடப் பொருந்தும் ஏற்பாடு இருக்க முடியாது.

பன்னிரண்டாவதில் கவனம் வேண்டும். பத்தாவது முடித்தபின் இரண்டு ஆண்டு இடைவெளி விட்டுத்தான் சீனியர் செகண்டரியின் ஐந்து பாடங்களையும் முடிக்கலாம். ஓராண்டில் என்றால் நான்குக்கு மேல் எழுத முடியாது. கெட்டிக்காரப் பிள்ளை, பதினாறு வயதிலேயே முடித்துவிடுவான் என்று கணக்குப் போடுகிறவர்கள் இங்கே இடறுகிறார்கள். அறிவியல் பாடங்களுக்குச் செய்முறைத் தேர்வும் உண்டு. சமையலறை மேசையில் அமிலமும் பியூரெட்டும் வைத்துக்கொள்ள முடியாது. படிப்பு மையத்தில் ஒழுங்காக ஆய்வகம் இருக்கிறதா என்று சேரும்முன்பே நேரில் போய்ப் பார்த்துவிட வேண்டும்.

நுழைவுத் தேர்வுகளைப் பற்றிய பயம் இப்போது குறைந்திருக்கிறது. ஜே.இ.இ.க்கு இந்தச் சான்றிதழ் செல்லும், ஐந்து பாடங்கள் இருந்தால். நீட் தேர்வில் 2018-இல் திறந்தநிலைப் பள்ளி மாணவர்களை விலக்கினார்கள். தில்லி உயர் நீதிமன்றம் அதே ஆண்டில் அந்த விலக்கை ரத்து செய்தது. 2024-இல் உச்ச நீதிமன்றத்திலும் விவகாரம் மாணவர்களுக்குச் சாதகமாகவே முடிந்தது.

சில கிறிஸ்தவக் குடும்பங்கள் அமெரிக்காவிலிருந்து வரும் வேதம் கலந்த பாடத்திட்டங்களை வாங்குகின்றன. கணக்கிலும் ஆங்கிலத்திலும் சில நன்றாகவே இருக்கின்றன. ஆனால் அவற்றின் டிப்ளமாவுக்கு இங்கே இணைச் சான்று பெறுவது எளிதல்ல. இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் என்ன சொல்கிறது என்று பணம் கட்டும்முன் எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. புத்தகம் எங்கிருந்து வந்தாலும் சரி, பரீட்சை இந்த நாட்டில் செல்லுபடியாகும் பரீட்சையாக இருக்கட்டும். கேம்பிரிட்ஜின் ஐ.ஜி.சி.எஸ்.இ. தேர்வைத் தனித் தேர்வராக எழுதுவதும் ஒரு வழி. செலவு மட்டும் கையைக் கடிக்கும்.

இனி வீட்டுக்குள் வருவோம். 'பெற்றோர் கற்பிக்கிறார்கள்' என்று சொன்னாலும் நடைமுறையில் அது பெரும்பாலும் அம்மாதான். வேலையை விட்டவரும் அவர்தான், காலையில் குடும்ப ஜெபம் முடிந்ததும் ஒரு கையில் தோசைக் கரண்டியும் மறு கையில் அல்ஜீப்ராவுமாக நிற்பவரும் அவர்தான். ஒன்பதாவதுக்கு மேல் இயற்பியல், வேதியியல், கணக்கு மூன்றையும் ஒருவரே சொல்லித்தர முடியும் என்று நினைப்பது அவருக்கும் நியாயமல்ல, பிள்ளைக்கும் நியாயமல்ல. பக்கத்துத் தெரு டியூஷன் மாஸ்டர், சபையில் உள்ள ஓய்வுபெற்ற ஆசிரியை, கணக்கு தெரிந்த சித்தப்பா என்று ஆள் சேர்த்துக்கொள்ளும் குடும்பங்களே தாக்குப்பிடிக்கின்றன. வெளியார் ஒருவரிடம் திருத்தக் கொடுப்பதில் இன்னொரு நன்மை உண்டு: அம்மா மதிப்பெண் போட்டால் பிள்ளை வாதாடும், மாஸ்டர் போட்டால் வாதாடாது!

உயிரியல் பாடம் வரும்போது ஒரு கேள்வி எழும். பரிணாமக் கொள்கை பாடத்தில் உண்டு, பரீட்சையிலும் வரும். சில பெற்றோர் அந்த அத்தியாயத்தை ஒட்டிவிட்டுத் தாண்டப் பார்க்கிறார்கள். அது சரியல்ல என்பது என் கருத்து. படைப்பில் விசுவாசமும் பரிணாமத்தில் உடன்பாடும் சேர்ந்து வாழும் கிறிஸ்தவர்கள் எத்தனையோ பேர், உடன்படாதவர்களும் பலர். எந்தப் பக்கம் இருந்தாலும், அறிவியல் சொல்வது என்ன, அதற்கு ஆதாரம் என்ன என்று பிள்ளை முழுமையாகப் படித்தே ஆக வேண்டும். மறைத்த அத்தியாயத்தைப் பதினெட்டு வயதில் கல்லூரி விடுதியில் படிக்கும்போது, இன்னும் எதை மறைத்தார்கள் என்றுதான் பிள்ளை யோசிக்கும்.

பெற்றோர் மிகவும் தயங்கும் இடம் இன்னொன்று. பத்து வயதில் பிள்ளையைக் கேட்காமல் முடிவெடுக்கலாம். பதினாலு வயதில் முடியாது. நம் சபைகளில் திடப்படுத்தல் கொடுக்கும்போது, ஞானஸ்நானத்தில் பெற்றோர் சொன்னதைப் பிள்ளை தன் வாயால் சொல்ல வேண்டும் என்கிறோம். படிப்பிலும் அதே முறைதான் பொருந்தும். 'எனக்குப் பள்ளிக்குப் போக வேண்டும்' என்று பெண் சொன்னால் அதைக் கீழ்ப்படியாமை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தனிமை அந்த வயதில் உண்மையான வலி. ஞாயிறு பள்ளியும் வாலிபர் கூட்டமும் வாரத்தில் இரண்டு மணி நேரம்தான். கிரிக்கெட் கிளப், இசை வகுப்பு, நூலகம் என்று தங்கள் வீட்டாரைப் போல் இல்லாத பிள்ளைகளோடும் பழக இடம் இருந்தால்தான் இது வளர்ப்பு, இல்லையென்றால் அடைப்பு.

தமிழ்நாட்டுக்கு வெளியே வாழும் நமக்கு இதில் ஒரு லாபம் உண்டு. இங்கே தமிழ்ப் பள்ளிகளுக்கு வெளியே படிக்கும் பிள்ளைக்குத் தமிழ் கிடைப்பது அரிது, இந்தியோ சம்ஸ்கிருதமோதான். திறந்தநிலைப் பள்ளியில் தமிழை மொழிப் பாடமாக எடுக்கலாம், பத்தாவதிலும் பன்னிரண்டாவதிலும். வீட்டு ஜெபத்தில் தமிழ் வேதாகமத்தை முறை வைத்து வாசித்துப் பழகிய பிள்ளைக்கு எழுத்துக்கூட்டும் கஷ்டம் ஏற்கெனவே பாதி தீர்ந்திருக்கும். வேதாகமத் தமிழ் பழைய நடை. பரீட்சைத் தமிழுக்கு அது மட்டும் போதாது. செய்தித்தாளும் கதைப் புத்தகமும் கூடவே வேண்டும்.

கடைசியாக, கல்லூரி அலுவலகத்தில் வழக்கமாக வரும் கேள்வி: 'டி.சி. எங்கே?' படித்த பள்ளியே இல்லாத பிள்ளை எங்கிருந்து டி.சி. கொண்டுவரும் என்று பெற்றோர் கலங்குவதுண்டு. தேறியவர்களுக்குத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் மதிப்பெண் பட்டியலோடு 'மைக்ரேஷன்-கம்-டிரான்ஸ்ஃபர்' சான்றிதழ் ஒன்றும் தருகிறது. கல்லூரியில் டி.சி.க்குப் பதில் கொடுக்க வேண்டியது அதுதான். மூலத்தைக் கொடுக்குமுன் இரண்டு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.