வேலியும் பயிரும்



'வேலியே பயிரை மேய்ந்தாற்போல' என்று நம் பக்கம் சொல்வார்கள். காவலுக்கு வைத்தவனே களவாடும்போது சொல்ல வேண்டிய பழமொழி இது. ஆனால் கேரள எல்லையிலுள்ள எங்கள் ஊர்களில், கைக்குழந்தையோடு தனித்து நிற்கும் ஒரு பெண்ணும் அவளுக்குத் துணையாகப் போய்வரும் காவல்காரரும் மனமொத்துத் திருமணம் செய்ய நினைத்தாலும் இதையேதான் எடுத்து வீசுகிறார்கள். பயிருக்கும் வாயுண்டு, மனசுண்டு என்பதை யாரும் நினைப்பதில்லை.

திரைப்படத்தில் என்றால் நாமே கைதட்டுவோம். 1992-இல் வந்த 'தி பாடிகார்ட்' என்ற ஆங்கிலப் படத்தை நம்மவர்கள் பலர் வீடியோ கேசட் எடுத்துப் பார்த்திருப்பீர்கள். விட்னி ஹூஸ்டன் புகழ்பெற்ற பாடகி. சிறு வயது மகனோடு தனித்திருப்பவர். அவருக்கு மெய்க்காப்பாளராக வருகிறார் கெவின் காஸ்ட்னர். காதல் மலர்கிறது, அவளுக்காகக் குண்டையும் தாங்குகிறார், ஆனால் முடிவில் இருவரும் பிரிந்துவிடுகிறார்கள். நம் பக்கத்தில் இயக்குநர் சித்திக் 2010-இல் மலையாளத்தில் 'பாடிகார்ட்' எடுத்து, 2011-இல் அதையே விஜய், அசின் நடிக்கத் தமிழில் 'காவலன்' ஆக்கினார். இதில் பிள்ளையோடு தனித்து நிற்பவர் காவல்காரர். அந்தப் பிள்ளையே இருவரையும் சேர்த்து வைக்கிறான். நிஜ வாழ்விலும் இது நடக்காததல்ல. அமெரிக்கப் பத்திரிகை அதிபர் குடும்பத்துப் பெண் பாட்டி ஹர்ஸ்ட், தமக்குக் காவலாக இருந்த போலீஸ்காரரை 1979-இல் மணந்து, 2013-இல் அவர் இறக்கும்வரை அவரோடு வாழ்ந்தார்.

ஆனால் எந்தப் படத்திலும் பள்ளிக்கூடப் பதிவேட்டில் யார் பெயரை எழுதுவது என்று ஒருவரும் கேட்பதில்லை. எங்கள் வீட்டில் அந்தக் கேள்விதான் முதலில் வந்தது.

என் அக்காள் மகளை இடுக்கி மாவட்டத்தில், போடிமெட்டு ஏறிப் பூப்பாறை பக்கத்தில் ஏலத்தோட்டம் வைத்திருந்த குடும்பத்தில் கொடுத்திருந்தோம். பையனுக்கு மூன்று வயதிருக்கும்போது கணவர் மாரடைப்பில் போய்விட்டார். தோட்டத்தை அவளே பார்க்க ஆரம்பித்தாள். கம்பம், போடி பக்கத்திலிருந்து காலையில் ஜீப்பில் வரும் பெண்களுக்குக் கூலி கொடுக்க வேண்டும். ஸ்டோரில் உலர்த்திய காயை ஏலத்துக்கு அனுப்ப வேண்டும். பணத்தோடு திரும்ப வேண்டும். கணவரின் சகோதரர்களோடு நிலத்தகராறு வேறு. அவள் அப்பா பயந்துபோய்ப் பாலக்காட்டுச் சித்தூர் பக்கத்திலிருந்து பட்டாளத்தில் இருந்து வந்த ஒருவரைத் துணைக்கு அமர்த்தினார். நான்கு வருஷம் அவர் ஜீப்பின் முன்சீட்டில் உட்கார்ந்து போய்வந்தார். மீதியை நான் விவரிக்க வேண்டியதில்லை.

ஒரு நாள் இரவு எனக்குப் போன் வந்தது. "சித்தி, நான் கல்யாணம் பண்ணிக்கிட்டா தோட்டம் போயிடுமாம், பையனையும் அவங்களே எடுத்துக்குவாங்களாம். நிஜமா?" என்று கேட்டாள். காதலைப் பற்றி அவள் என்னிடம் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை போலும். அவளுக்காக விசாரித்துத் தெரிந்துகொண்டவற்றை, ஊரில் இதுபோல அக்காள், தங்கை, மருமகள் உள்ள மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று எழுதுகிறேன். இந்துக் குடும்பங்களுக்கு உள்ள சட்டத்தையே இங்கு சொல்கிறேன். கிறிஸ்தவ, முஸ்லிம் குடும்பங்களுக்கு வாரிசுச் சட்டம் வேறு.

முதலில் நிலம். மறுமணம் செய்தால் சொத்துப் போய்விடும் என்ற பேச்சு வெறும் மிரட்டலாகத் தொடங்கியதல்ல. ஒரு காலத்தில் அதுவே சட்டம். 1856-ஆம் ஆண்டு விதவை மறுமணச் சட்டம் மறுமணத்தை அனுமதித்த கையோடு, அப்படி மணந்தவள் முதல் கணவர் சொத்தைப் பொறுத்தவரை அன்றே இறந்துவிட்டதாகக் கருதப்படுவாள் என்றும் எழுதிவைத்தது. வலது கையால் கொடுத்து இடது கையால் பிடுங்கிய கதைதான். 1956-இன் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்தபின், கணவர் இறந்த அன்றே மனைவியின் பங்கு அவளுக்கு முழு உரிமையாகச் சேர்ந்துவிடுகிறது. பிறகு அவள் யாரை மணந்தாலும் அது திரும்பிப் போகாது. பழைய சட்டமும் 1983-இல் நீக்கப்பட்டுவிட்டது. ஆனால் ஊர்ப் பேச்சை யார் நீக்குவது?

கணவர் உயில் எழுதாமல் இறந்து, சொத்து அவருடைய சொந்தச் சொத்தாக இருந்தால், மனைவி, பிள்ளைகள், இறந்தவரின் தாய் ஆகியோருக்குச் சம பங்கு. இவர்கள் இருக்கும்போது சகோதரர்களுக்கு ஒன்றுமில்லை. பையனின் பங்கைத் தாய்கூட நீதிமன்ற அனுமதியின்றி விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாது. இரண்டாம் கணவர் பையன் சொத்தை அழித்துவிடுவார் என்று பயப்படும் தாத்தா பாட்டிக்கு இதைச் சொல்லலாம். (ஏலமலை நிலங்களின் பட்டா விவகாரம் ஒரு தனி ராமாயணம். அதை எழுத இந்த மலர் முழுவதும் போதாது.)

அடுத்தது பிள்ளை. தந்தை இல்லாதபோது தாயே இயற்கைப் பாதுகாவலர். மறுமணத்தால் அந்த உரிமை தானாகப் போய்விடாது. தந்தை உயிரோடு இருக்கும்போதுகூடத் தாய்க்கு இடமுண்டு என்பதைக் கோவையில் பிறந்த எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1999-இல் சொன்னது. மகன் பெயரில் ரிசர்வ் வங்கிப் பத்திரம் வாங்க அவர் கையெழுத்துப் போட்டது ஏற்கப்படாததால் எழுந்த வழக்கு அது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: மாற்றாந்தந்தை தாமாகவே பாதுகாவலர் ஆகிவிட மாட்டார். சட்டம் அவரை 'தந்தை' என்ற சொல்லுக்குள் சேர்க்கவில்லை.

சரி, பெயர்? நான் படித்தவற்றில் என் மனத்தை மிகவும் தொட்டது 2022 ஜூலையில் உச்ச நீதிமன்றம் கொடுத்த ஒரு தீர்ப்பு. கைக்குழந்தையோடு கணவரை இழந்த ஒரு பெண், பிறகு ஒரு படை அதிகாரியை மணந்தாள். காவல் தொழில் செய்பவரைத்தான் இவளும் மணந்திருக்கிறாள் என்று எனக்குத் தோன்றியது. முதல் கணவரின் பெற்றோர் வழக்குப் போட்டார்கள். பையனுக்கு முதல் கணவரின் குடும்பப் பெயரையே வைக்க வேண்டும், இரண்டாம் கணவரை ஆவணங்களில் 'மாற்றாந்தந்தை' என்று குறிக்க வேண்டும் என்று உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அப்படிக் குறிப்பது பிள்ளையின் மனத்தைப் புண்படுத்தும் கொடுமை என்றும், இயற்கைப் பாதுகாவலரான தாயே பிள்ளையின் குடும்பப் பெயரை முடிவு செய்யலாம் என்றும் சொன்னது. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, முதலெழுத்துத்தானே என்பீர்கள். வெளிநாட்டுக்கு வந்த நமக்கல்லவா தெரியும், அந்த ஓர் எழுத்து பாஸ்போர்ட்டில் ஏறும்போது என்ன பாடுபடுத்துகிறது என்று!

புதுக் கணவர் பிள்ளையை முறைப்படி தத்தெடுக்கலாம். அப்போது அவர் எல்லா வகையிலும் தந்தையாகிறார். தத்துக்கு முன் பையனுக்குத் தன் தந்தைவழி வந்துவிட்ட சொத்து அவனிடமே இருக்கும். தத்தெடுக்காவிட்டால் மாற்றாந்தந்தையின் சொத்தில் பையனுக்கு வாரிசுரிமை கிடையாது, அவர் எவ்வளவு பாசமாக வளர்த்திருந்தாலும் சரி.

இனிப் பதிவு. கேரளத்தில் 2008 முதல் எந்த மதத்தாரின் திருமணமும் உள்ளாட்சி அலுவலகத்தில் பதியப்பட வேண்டும். 45 நாளுக்குள் செய்தால் அலைச்சலில்லை. மலையிறங்கித் தமிழ்நாட்டில் வந்து மணந்தால் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி 90 நாள் அவகாசம். இரு வேறு மதத்தவர் என்றால் 1954-இன் சிறப்புத் திருமணச் சட்டம். முப்பது நாள் முன்னறிவிப்பும் மூன்று சாட்சிகளும் வேண்டும். கணவர் இறக்கவில்லை, விட்டுவிட்டுப் போய்விட்டார் என்றால் முதலில் விவாகரத்து வாங்கியே ஆக வேண்டும். எஸ்டேட் லயங்களில் இப்படிக் கைவிடப்பட்டவர்களும் உண்டு. தாலி மட்டும் கட்டிக்கொண்டால் அந்தத் திருமணம் செல்லாது, வழக்கும் வரலாம்.

பலர் பதியாமல் இருப்பதற்கு ஒரு காரணம் பென்ஷன். விதவைப் பென்ஷன் மறுமணத்தோடு நிற்கும். கேரளத்தில் மறுமணம் ஆகவில்லை என்று வருடா வருடம் சான்றிதழே கேட்கிறார்கள். அந்தச் சிறு தொகை போய்விடும் என்று கல்யாணத்தையே மறைத்து வாழ்கிறார்கள். எனக்கு இது சரியாகப் படவில்லை. நாளைக்கு இரண்டாம் கணவருக்கு ஏதாவது ஆனால் மனைவி என்று நிரூபிக்க ஒரு காகிதமும் இராது. எஸ்டேட் தொழிலாளியாக இருந்தவரின் பி.எஃப். குடும்பப் பென்ஷன் மனைவிக்கு நின்றாலும், அந்தத் திட்டத்தில் சிறு பிள்ளைகளுக்கு அநாதைப் பென்ஷன் கூடுதல் விகிதத்தில் உண்டு என்பதைப் பலர் அறியார்கள்.

காவல்காரரைப் பற்றியும் ஒரு வார்த்தை. "வாச்சருக்கா பெண் கொடுப்பது?" என்று எங்கள் வீட்டிலேயே கேட்டவர்கள் உண்டு. இந்தியாவில் 2005-இன் தனியார் பாதுகாப்பு முகமைச் சட்டத்துக்கு ஆளைக் காப்பதும் பொருளைக் காப்பதும் ஒரே தொழில்தான். முகமை மூலம் வருபவருக்குப் போலீஸ் விசாரணை முடிந்திருக்க வேண்டும். 100 மணி வகுப்பும் 60 மணி களப்பயிற்சியும் உண்டு. முன்னாள் படைவீரருக்குச் சற்றுக் குறைவு. நாம் வரன் பார்க்கும்போது மாப்பிள்ளையைப் பற்றி இவ்வளவு விசாரிக்கிறோமா?

கடைசியாக, அக்காள் மகளிடம் நான் வற்புறுத்திச் சொன்னது உயில். அவள் உயில் எழுதாமல் இறந்தால், முதல் கணவர் வழி வந்த தோட்டப் பங்கு உட்பட அவள் சொத்து, பிள்ளைகளுக்கும் அப்போதைய கணவருக்கும் சமமாகப் பிரியும். சகோதரர்களின் பயத்தில் இந்த ஓர் இடத்தில் மட்டும் நியாயம் உண்டு. தோட்டம் பையனுக்கு என்று அவள் எழுதிவிட்டால் அந்தப் பேச்சு முடிந்தது. இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்டால் உயில் செல்லும். பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் சப்-ரிஜிஸ்டிரார் ஆபீசில் பதிந்துவிடுவது நல்லது. அந்த உயிலின் வாசகத்தைக் கடைசியில் அவருக்குத்தான் முதலில் படித்துக் காட்டினாளாம். பட்டாளத்துக்காரர் கேட்டுவிட்டு, "பையன் பெயரை முழுசா எழுது, முதலெழுத்து மட்டும் போட்டா நாளைக்குக் கேள்வி வரும்" என்று மட்டும் சொன்னாராம்.