வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியும் செடிகளுக்குள் மருந்து தேடும் வேலையும்

தோட்டத்து லயங்களில் வளர்ந்தவர்களுக்கு நித்தியகல்யாணியை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. வாசல் ஓரம், சாக்கடைக் கரை, கோயில் மதில் என்று யாரும் தண்ணீர் ஊற்றாமலேயே வளர்ந்து, வருடம் முழுக்க ரோஸ் நிறத்திலோ வெள்ளையாகவோ பூத்துக்கொண்டிருக்கும். மலாய்க்காரர்கள் கெமுந்திங் சீனா என்பார்கள். சுடுகாட்டு மல்லி என்று சொல்லி அந்தப் பூவை வீட்டுக்குள் கொண்டுவர விடாத பாட்டிகள் உண்டு. அதே பாட்டிகள் இனிப்பு நீருக்கு அதன் இலையைக் கொதிக்க வைத்துக் குடித்ததும் உண்டு.

இன்றும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலோ பிரிக்ஃபீல்ட்ஸிலோ ஒரு நாட்டு மருந்துக் கடையில் சற்று நேரம் நின்றால், "சர்க்கரைக்கு நித்தியகல்யாணி நல்லதாமே?" என்று யாராவது கேட்பது காதில் விழும். இதே கேள்வியோடு 70 ஆண்டுகளுக்கு முன் சிலர் ஆய்வுக்கூடத்துக்குள் போனார்கள். அவர்கள் கண்டுபிடித்தது வேறொன்று.

1952-இல் கனடாவில் கிளார்க் நோபிள் என்ற மருத்துவருக்கு ஜமைக்காவிலிருந்து ஓர் உறை வந்தது. உள்ளே சில இலைகள். அங்குள்ள மக்கள் நீரிழிவுக்கு இதைத் தேநீராகக் குடிக்கிறார்கள், சோதித்துப் பாருங்கள் என்று அவருடைய நோயாளி ஒருவர் அனுப்பியிருந்தார். கிளார்க் ஓய்வு பெற்றிருந்ததால் அதைத் தம்பி ராபர்ட் நோபிளிடம் கொடுத்தார். ராபர்ட் எலிகளுக்குச் சாற்றைக் கொடுத்துப் பார்த்தார். சர்க்கரை குறையவில்லை. ஊசி வழியாகச் செலுத்தியபோது எலிகள் கிருமித் தொற்றால் செத்தன. ஏன் என்று பார்த்தால், அவற்றின் இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் அடியோடு குறைந்திருந்தன.

வேறொருவராக இருந்தால் "மருந்து பலிக்கவில்லை" என்று எழுதி மூடியிருப்பார். வெள்ளை அணுக்கள் கட்டுமீறிப் பெருகுவதுதானே இரத்தப் புற்றுநோய் என்று நோபிள் யோசித்தார். சார்ல்ஸ் பீர் என்ற வேதியியலாளர் அவருடன் சேர்ந்து, இலைச்சாற்றிலிருந்து வின்பிளாஸ்டின் என்ற பொருளைத் தனியே பிரித்தெடுத்தார். 1958-இல் அதை உலகுக்கு அறிவித்தார்கள். அமெரிக்காவின் இலை லில்லி நிறுவனத்தில் கோர்டன் ஸ்வோபோடா அதே செடியிலிருந்து வின்கிரிஸ்டின் என்ற இன்னொன்றையும் எடுத்தார். இரண்டும் ஏறக்குறைய ஒரே உருவம். ஒரு மூலையில் மட்டும் இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் போய் ஓர் ஆக்சிஜன் அணு வந்திருக்கிறது. அந்தச் சிறு மாற்றத்தால் பயன்படும் நோயே மாறிவிட்டது. வின்பிளாஸ்டின் ஹோட்ஜ்கின் எனப்படும் நிணநீர்ப் புற்றுக்கும், வின்கிரிஸ்டின் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கும் முக்கிய மருந்துகளாயின. 1960-களின் தொடக்கத்தில் அந்த நோய் வந்த பிள்ளைகளில் பிழைத்தவர்கள் மிகச் சிலரே. இன்று நல்ல மருத்துவ வசதியுள்ள நாடுகளில் பத்தில் எட்டுக்கு மேற்பட்ட பிள்ளைகள் குணமாகிறார்கள். அவர்களுக்குக் கொடுக்கப்படும் கூட்டு மருந்துகளில் வின்கிரிஸ்டின் இன்னமும் இருக்கிறது.

இதைக் கேட்டதும் வாசலில் போய் இலை பறிக்கக் கிளம்ப வேண்டாம். ஒரு கிராம் வின்பிளாஸ்டின் எடுக்கச் சுமார் 500 கிலோ காய்ந்த இலை வேண்டும். வீட்டில் கொதிக்க வைக்கும் ஒரு பிடி இலையில் அந்த மருந்து எவ்வளவு இருக்கும் என்று யாராலும் அளந்து சொல்ல முடியாது. அதோடு சேர்ந்து இறங்கும் நூற்றுக்கும் மேற்பட்ட மற்ற இரசாயனங்கள் என்ன செய்யும் என்றும் சொல்ல முடியாது. இந்தச் செடி நச்சுச் செடி. பிரித்தெடுத்துச் சுத்தம் செய்த மருந்தையே மருத்துவர்கள் மில்லிகிராம் கணக்கில், நரம்பு பாதிக்கிறதா, வெள்ளை அணு குறைகிறதா என்று பார்த்துப் பார்த்துத்தான் கொடுக்கிறார்கள். மலேசியாவில் நீரிழிவு இந்தியர்களிடையே மற்ற இனத்தவரைவிட அதிகம் என்பதைத் தேசிய சுகாதார ஆய்வுகள் தொடர்ந்து காட்டி வருகின்றன. கிளினிக்கில் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு இலைக் கசாயத்துக்குப் போகிறவர்களும் நம்மிடையேதான் இருக்கிறார்கள். சிறுநீரகம் கெட்ட பிறகு திரும்பி வருவதில் பயனில்லை.

சரி, இலையில் இருக்கும் நூறு பொருளில் எது மருந்து, எது நஞ்சு என்று பிரித்துச் சொல்பவர் யார்? அவர்தான் தாவர உயிர்வேதியியலாளர். நம் பிள்ளைகளிடம் என்ன படிக்கப் போகிறாய் என்று கேட்டால் டாக்டர், எஞ்சினியர், லாயர் என்பதைத் தாண்டி இந்தப் பெயர் வருவதே இல்லை. ஆனால் தமிழர்களுக்கு இது புதிய துறை அன்று.

சென்னையில் 1915-இல் பிறந்த டி. ஆர். கோவிந்தாச்சாரி மாநிலக் கல்லூரியில் படித்து, அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ரோஜர் ஆடம்ஸ் என்ற பெரிய வேதியியலாளரிடம் ஆய்வு செய்துவிட்டு ஊர் திரும்பினார். மாநிலக் கல்லூரியிலேயே பேராசிரியராக இருந்து, நம் நாட்டுச் செடிகளை ஒவ்வொன்றாக எடுத்து அவற்றிலுள்ள பொருள்களின் அமைப்பைக் கண்டறிந்தார். ஆஸ்துமாவுக்கு நாட்டு வைத்தியர்கள் கொடுத்த நஞ்சறுப்பான் கொடியிலுள்ள டைலோபோரின் அவற்றுள் ஒன்று. இன்று ஒரு பொருளின் அமைப்பைக் கருவிகள் சில நாள்களில் காட்டிவிடும். அன்று அப்படி இல்லை. பொருளை வேதிமுறையில் துண்டு துண்டாக உடைத்து, ஒவ்வொரு துண்டும் என்னவென்று கண்டு, முழு உருவத்தையும் மனத்தில் கட்ட வேண்டும். ஒன்றுக்கே சில ஆண்டுகள் போகும். இந்தியாவின் உயரிய அறிவியல் விருதான பட்நாகர் விருது 1960-இல் அவருக்குக் கிடைத்தது. அடுத்த ஆண்டு அதே வேதியியல் பிரிவில் அதைப் பெற்றவர் கல்கத்தாவின் அசிமா சட்டர்ஜி. அவர் நித்தியகல்யாணி வகைச் செடிகளின் வேதிப்பொருள்களை நெடுங்காலம் ஆராய்ந்தவர்.

பிறகு கோவிந்தாச்சாரி பம்பாயில் சீபா ஆய்வு மையத்தின் இயக்குநரானார். அங்கேதான் 1972-இல் விஸ்வநாதனுடன் சேர்ந்து ஒரு முக்கியச் செய்தியை வெளியிட்டார். சீனத்து மரம் ஒன்றில் கேம்ப்டோதெசின் என்ற புற்றுநோய்ப் பொருள் இருப்பதை 1966-இல் அமெரிக்காவில் மன்றோ வால், மன்சுக் வாணி இருவரும் கண்டிருந்தார்கள். அதே பொருள் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும், இலையைக் கசக்கினால் துர்நாற்றம் வீசும் ஒரு சிறுமரத்தில் தாராளமாக இருக்கிறது என்று இவர்கள் காட்டினார்கள். கேம்ப்டோதெசினிலிருந்து உருவான டோபோடெகான், இரினோடெகான் இரண்டும் 1996-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்று இன்று உலகெங்கும் பயன்படுகின்றன. இதில் ஒரு வருத்தமும் உண்டு. மருந்துக்காக வெட்டி வெட்டியே அந்த மரம் காட்டில் அருகிப் போனது. ஓய்வு பெற்ற பின்னும் கோவிந்தாச்சாரி சென்னையில் வேம்பை ஆராய்ந்துகொண்டிருந்தார். 2001-இல் மறைந்தார்.

பால்மரம் சீவிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இந்தப் படிப்பில் ஒன்று சட்டென்று புரியும். ரப்பர் பால் என்பது ஐசோப்ரீன் என்ற சிறு கல்லை ஆயிரக்கணக்கில் கோத்து மரம் கட்டிய சங்கிலி. அதே கல்லைச் சில எண்ணிக்கையில் வேறு விதமாக அடுக்கினால் நிலவேம்பின் கசப்பு கிடைக்கிறது. அதோடு வேறொரு பொருளையும் சேர்த்துக் கட்டினால் நித்தியகல்யாணியின் மருந்து. செடி இதை நமக்காகச் செய்வதில்லை. ஓட முடியாத செடி, தன்னைத் தின்ன வரும் புழு பூச்சியை விரட்டத்தான் இவ்வளவும் செய்கிறது. நித்தியகல்யாணி வின்பிளாஸ்டினைக் கட்ட முப்பதுக்கும் மேற்பட்ட படிகள் உண்டு. கடைசியாக விடுபட்டிருந்த படிகளை 2018-இல் இங்கிலாந்தில் சாரா ஓகானர் குழுவினர் கண்டுபிடித்தார்கள். 2022-இல் டென்மார்க்கில் ஒரு குழு, ரொட்டிக்குப் போடும் ஈஸ்டுக்குள் அந்தப் படிகளைப் புகுத்தி, மருந்தின் இரு பாதிகளையும் ஈஸ்டையே தயாரிக்க வைத்தது.

நம் நாட்டுக் காடுகளுக்கும் இதில் ஒரு கதை இருக்கிறது. 1987-இல் சரவாக்கில் பிந்தாங்கோர் மரத்திலிருந்து, அதாவது நம் புன்னையின் இனத்தைச் சேர்ந்த ஒரு மரத்திலிருந்து, அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகத்துக்காக இலையும் கிளையும் எடுத்துப் போனார்கள். சில ஆண்டுகள் கழித்து, அந்தச் சாறு எய்ட்ஸ் கிருமியைத் தடுப்பது சோதனைக் குழாயில் தெரிந்தது. இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று திரும்பி வந்தால், மரம் வெட்டப்பட்டிருந்தது. பக்கத்து மரங்களில் அதே அளவு பொருள் கிடைக்கவில்லை. பின்னர் வேதிமுறையில் அதைத் தயாரித்து, சரவாக் அரசும் பங்குகொண்ட நிறுவனம் ஒன்று மனிதர்களிடம் சோதிக்கும் கட்டம்வரை கொண்டுபோனது. காலனொலைட் என்ற அந்தப் பொருள் இதுவரை மருந்தாகக் கடைக்கு வரவில்லை. இந்தத் துறையில் பெரும்பாலான முயற்சிகள் இப்படித்தான் பாதியில் நிற்கும். இதைச் சொல்லாமல் பிள்ளைகளை இந்தப் படிப்புக்கு அனுப்புவது நியாயமில்லை.

வேலை எப்படி என்று கேட்பவர்களுக்கு: முதலில் செடியைச் சரியாக அடையாளம் காண வேண்டும். ஒரே பெயரில் இரண்டு மூலிகை விற்பது நம் கடைகளில் சாதாரணம். பறித்த செடியில் ஒரு கிளையைத் தாளில் அழுத்திக் காயவைத்து, எங்கே, எப்போது எடுத்தது என்று எழுதிச் சேமிப்பார்கள். பிறகு உலர்த்தி, பொடித்து, ஹெக்சேன், மெத்தனால் போன்றவற்றில் ஊறவைத்துச் சாறு எடுப்பது. சாற்றைப் பல பங்காகப் பிரித்து ஒவ்வொன்றையும் செல்களில் சோதிப்பது. வேலை செய்யும் பங்கை மறுபடி பிரிப்பது. ஒரே ஒரு பொருள் மிஞ்சும்வரை இது தொடரும். பொறுமை இல்லாதவர்களுக்கு ஒத்துவராது.

எஸ்.பி.எம். தேர்வில் வேதியியலும் உயிரியலும் எடுத்தவர்கள், எஸ்.டி.பி.எம். அல்லது மெட்ரிகுலேஷன் முடித்து, மலாயா பல்கலைக்கழகத்திலோ செர்டாங் புத்ரா பல்கலைக்கழகத்திலோ பாங்கியிலுள்ள தேசியப் பல்கலைக்கழகத்திலோ வேதியியல், உயிர்வேதியியல் பட்டப் படிப்பில் தொடங்கலாம். ஆய்வாளராக வேண்டுமென்றால் முனைவர் பட்டம்வரை போக வேண்டும், அதற்குப் பல ஆண்டுகள் ஆகும். எல்லாரும் மருந்து கண்டுபிடிக்கப் போவதில்லை. மூலிகைப் பொருள்களின் தரத்தைச் சோதிக்கும் ஆய்வுக்கூடங்கள், உணவு நிறுவனங்கள், செம்பனை ஆய்வு, கல்லூரி ஆசிரியர் பணி என்று பல வழிகள் உண்டு. கடையில் வாங்கும் பாரம்பரிய மருந்தின் உறையில் மால் என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதல்லவா, அதற்குப் பின்னாலும் இத்தகைய சோதனைகள் இருக்கின்றன. எண் இல்லாத பொட்டலத்தை வாங்காதீர்கள்.

1929-இல் தொடங்கிய கெப்போங் வன ஆய்வுக் கழகம் கோலாலம்பூரிலிருந்து அதிகத் தூரம் இல்லை. அங்கே மூலிகைச் செடிகளைப் பெயர்ப் பலகையோடு வளர்க்கும் தோட்டம் இருக்கிறது. பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துப் போங்கள். பாட்டி இருந்தால் அவரையும் கூட்டிக்கொள்ளுங்கள், பாதிச் செடிகளுக்குத் தமிழ்ப் பெயரை அவர் சொல்லிவிடுவார்.